அம்மா மஸ்கட்டிலிருந்து கொண்டுவந்த மைக்ரோவேவ்

என் பெயர் ஞானதாஸ். மைக்ரோவேவில் உருளைக்கிழங்கைச் சீக்கிரம் வேகவைப்பது எப்படி என்று இந்தக் குழுவில் நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். முறையாகப் பதில் சொல்வதே என் நோக்கம். ஆனால் அதைக் கற்ற நாளை விட்டுவிட்டு முறையை மட்டும் சொல்ல என்னால் இயலவில்லை...

தெர்மோகோலும் வெளிநாட்டு சோப்பும் கலந்த மணம். தொண்ணூறுகளின் பிற்பகுதி, பாறசாலை அருகே எங்கள் வீடு. மஸ்கட்டில் நர்ஸாக இருந்த அம்மா, லீவில் வந்த மறுநாள் அட்டைப்பெட்டியைப் பிரித்தார். உள்ளே மைக்ரோவேவ்.

நான் அப்போதுதான் கல்லூரி முடித்திருந்தேன். வீட்டில் அப்பாவும் நானும் மட்டும். அம்மாவின் ஒப்பந்தம் முடியும் தறுவாயில் இருந்தது.

"உங்க ரெண்டு பேருக்கும் வச்சுத் தின்னத் தெரியும்னா, நான் இன்னும் ரெண்டு வருசம் அங்க நிப்பேன். இல்லன்னா வேலை வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டு வந்திருவேன்" என்றார்.

முதலில் அப்பா முயன்றார். எங்கள் ஊரில் கிழங்கு என்றால் மரச்சீனி என்கிற மரவள்ளிதான். அதே வழக்கப்படி உருளைக்கிழங்கைத் தோல் சீவி, நறுக்கி, உப்பும் தண்ணீரும் விட்டு, ஸ்டீல் சட்டியோடு உள்ளே வைத்துவிட்டார்.

பொறி பறந்தது. அம்மா ஓடிவந்து சுவிட்சை அணைத்தார்.

"எலே மக்கா, ஒங்க அப்பா வீட்டைக் கொளுத்திருவாரு போல இருக்கே!"

"தீயில்லாத அடுப்பாக்கும் கொண்டு வந்திருக்கா... எனக்கு இது சரிப்படாது, கேட்டியா. நீ இஞ்ச நின்னாதான் இந்த வீட்ல கஞ்சி உண்டு" என்றார் அப்பா. அவர் முகத்தில் வருத்தமே இல்லை.

அடுத்து என் முறை. அம்மா சொன்னதில் ஒன்றையும் நான் விடவில்லை. தோலோடு கழுவினேன். முள்கரண்டியால் சுற்றிலும் குத்தினேன். கண்ணாடித் தட்டில் வைத்தேன். அந்தியில் வோல்டேஜ் இறங்குவதற்கு முன்பே தொடங்கினேன். ஒற்றைக் கிழங்குக்கு ஆறேழு நிமிடம்; பாதியில் திருப்பி வைத்தேன். அணைந்த பிறகும் சற்றுப் பொறுத்தே எடுத்தேன்.

தோல் சுருங்கி, உள்ளே மாவாக வெந்திருந்தது. வெண்ணெயும் மிளகுப்பொடியும் போட்டு அம்மா ஒரு வாய் தின்று பார்த்தார்.

"நல்லா வெந்திருக்கு மக்கா. இனி எனக்கு ஒரு பயமும் இல்ல."

அப்பா தட்டைத் தொடவில்லை. பிறகு கிணற்றடியில் என்னிடம் மெதுவாகக் கேட்டார்:

"எலே, ஒருக்கா கருக விட்டா ஒனக்கு என்னலே?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது.

அம்மா புது ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். பின்னர் மறுபடியும்... மறுபடியும். மணி அடிக்கும்வரை நானும் அப்பாவும் கண்ணாடிக்குள் சுழலும் தட்டையே பார்த்துக்கொண்டிருப்போம். அடித்ததும் ஆளுக்கொரு தட்டோடு தனித்தனியே போய்விடுவோம்.

அம்மா ஒரேயடியாகத் திரும்பியபோது அப்பா இல்லை.

அன்று எங்களுக்கு இடையில் ஒரு கடல் இருந்தது. இன்று அம்மா அதே வீட்டில் தனியாக; நான் நெய்யாற்றின்கரையில், வாடகை வீட்டில் தனியாக. நடுவே கொஞ்ச தூரப் பஸ் பயணம், அவ்வளவுதான். ஆனாலும் போனில், "எல்லாம் சூடாக்கித் தின்னுக்கிடுவேன். நீ மெனக்கெட்டு வராண்டாம்" என்கிறார். நானும், சொன்னதை அப்படியே கேட்டுப் பழகியவன், போகாமலே இருந்துவிடுகிறேன்.

நண்பரே, நீங்கள் கேட்ட முறை மேலே உள்ளது. அதில் தவறு வராது.

நான் இப்போது பாறசாலை பஸ் ஏறப் போகிறேன். பசிக்கிறது, எனக்கு ஒன்றும் சமைக்கத் தெரியாது என்று அம்மாவிடம் சொல்லப் போகிறேன்.