தங்கராஜு கொடுத்த ஐந்து விலைப் புத்தகங்கள்

மலேசியாவில் ஈஜோக் பக்கம் உள்ள செம்பனை எண்ணெய் ஆலையில் தங்கராஜு எடை மேடைக் கிராணி. பழக்குலை ஏற்றிய லோரி மேடையில் வந்து நின்றதும் எடையை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது அவர் வேலை. இருபத்தாறு வருடங்களில் அந்தக் கையெழுத்தை யாரும் மறுத்துப் பேசியதில்லை. சிறு தோட்டக்காரர்கள் சீட்டைப் படித்துக்கூடப் பார்க்காமல் மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொள்வார்கள்.

வேலை போக மிச்ச நேரமெல்லாம் பழைய காசு. காசைவிடக் காசுப் புத்தகம் என்றே சொல்லலாம். ஒரு காசை வாங்க ஐந்து நிமிடம் யோசிப்பவர், அதைப் பற்றிய புத்தகத்தை வாங்க ஐந்து மாதம் யோசிப்பார். காசின் இரண்டு பக்கமும் படத்தில் இருக்க வேண்டும். எடை போட்டிருக்க வேண்டும். விளிம்பைப் பற்றி ஒரு வரியாவது வேண்டும். போலியை எப்படிக் கண்டுபிடிப்பது என்று சொல்லாத புத்தகத்தைக் கோலாலம்பூர்க் கடைக்காரர் முன்னாலேயே மூடி வைத்துவிட்டு வந்துவிடுவார். அப்படித் தேர்ந்தெடுத்த புத்தகங்கள் ஆயுசுக்கும் உழைக்கும். விலைப் பட்டியல் புத்தகம் மட்டும் அப்படியல்ல. வருடா வருடம் புதுப் பதிப்பு வரும்; அது வந்த அன்றே பழசுக்கு வேலை முடிந்தது.

அப்படி வேலை முடிந்த ஐந்து புத்தகங்கள் வீட்டு அலமாரியை அடைத்துக் கிடந்தன. சேலை வைக்க இடமில்லை என்று மனைவி நவமணி நாலு மாதம் முணுமுணுத்தார். அந்த நேரம் பார்த்துத்தான் சிவநேசன் அவற்றைக் கேட்டான். ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பாய் விரித்துப் பழைய காசு வாங்கி விற்பவன் அவன். தோட்டத்துப் பிள்ளைகளில் ஆர்வமுள்ளவர்களுக்குக் கொடுக்கப் போவதாகச் சொன்னான். தங்கராஜு மனம் குளிர்ந்து ஐந்தையும் தூக்கிக் கொடுத்துவிட்டார். ஐந்திலும் முதல் பக்கத்தில் அவர் பெயர் நீல மையில் எழுதியிருந்தது. அதை அடிக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

ஒரு திங்கட்கிழமை ஆலை கேன்டீனில் விஷயம் வெளியே வந்தது. கேன்டீன் நடத்தும் கண்மணி தேநீரை வைத்துவிட்டு, சந்தோஷமாகவே சொன்னார். மாமியார் கொடுத்த மன்னர் தலைக் காசு ஏழையும் சிவநேசனிடம் விற்று, கேஸ் அடுப்பு மாற்றிவிட்டாராம்.

"மொதல்ல நான் நம்பல அண்ணே. அப்புறம் புக்க எடுத்து மொத பக்கத்தக் காட்டுனான். உங்க பேரு இருந்துச்சு. தங்கராஜு அண்ணன் புக்குன்னா எடைச்சீட்டு மாதிரிதான லா, குடுத்துட்டேன்."

என்ன விலை என்று தங்கராஜு கேட்டார். காசு ஒன்றுக்கு நாற்பது மலேசிய வெள்ளி. புத்தகத்தில் என்ன வருடம் போட்டிருந்தது என்று கேட்டார். வருடத்தை யார் பார்த்தார்கள், சிவப்பு அட்டை என்றார் கண்மணி.

சிவப்பு அட்டை ஒன்பது வருடத்துக்கு முந்தையது. புதுப் பதிப்பில் அதே காசுக்கு நாலு மடங்கு போட்டிருந்தது. அன்று மத்தியானம் தங்கராஜு ஒரு லோரியின் எடையை இன்னொரு லோரியின் சீட்டில் எழுதிக் கொடுத்தார். டிரைவர் திரும்பக் கொண்டுவந்து நீட்டியபோது, தப்பு தன்னுடையது என்று தெரிந்தும் அவன்மேல் எரிந்து விழுந்தார்.

ஞாயிறு காலை சந்தைக்குப் போனபோது, சிவநேசன் ஒரு பட்டணத்து ஆளுக்குக் காசு விற்றுக்கொண்டிருந்தான். கையில் இருந்தது இந்த வருடப் பதிப்பு, பளபளவென்று. தங்கராஜுவின் ஐந்து புத்தகங்களும் பெட்டிக்குள் கிடந்தன. வாங்க ஒரு புத்தகம், விற்க ஒரு புத்தகம். அந்த ஆள் நகரும்வரை தங்கராஜு பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். பிறகு, ஏமாற்றுக்காரன் என்று நாலு கடைக்குக் கேட்கிற மாதிரி சொன்னார்.

சிவநேசன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "நான் என்ன பொய் சொன்னேன் அண்ணே? புக்குல போட்ட வெலையத்தான குடுத்தேன். ஒரு சென் கொறைக்கல."

"எந்த வருசத்துப் புக்கு?"

"அத அவங்க கேக்கல."

காசுகளைத் திருப்பிக் கொடு என்றார். ஏழும் போன வாரமே கைமாறிவிட்டன, யாரென்று தெரியாது என்றான். புத்தகங்களைக் கேட்டார். அதற்கு அவன் முரண்டு பிடிக்கவில்லை. ஐந்தையும் எடுத்து அடுக்கி, ஒரு பிளாஸ்டிக் பையும் சேர்த்துக் கொடுத்தான்.

"கொண்டு போங்க. என்கிட்ட இருக்கிற புதுசும் நாலு வருசத்துல இத மாதிரியே வாங்க ஒதவுற பழசாயிரும்."

பையோடு நேரே கண்மணியின் தோட்ட லயத்து வீட்டுக்குப் போனார் தங்கராஜு. வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். சிவநேசனை அவர் திட்டி முடித்ததும் கண்மணி கேட்டார்.

"புதுசு அப்ப உங்க வீட்டுல இருந்துச்சா?"

இருந்தது என்றார்.

"நாலு வருசமா தெனம் ரெண்டு வேள டீ குடிக்க வரீங்க. என்கிட்ட காசு இருக்கிறது உங்களுக்குத் தெரியும். எத்தன தடவ வாங்கிப் பாத்திருக்கீங்க. ஒரு நாளு அந்தப் புக்கத் தூக்கிட்டு வந்து, கண்மணி, இது இவ்வளவு போகும்னு சொன்னீங்களா? அவன் பழசக் காட்டுனான். நீங்க எதையுமே காட்டல."

அந்த ஏழில் இரண்டின்மேல் தங்கராஜுவுக்கே கண் இருந்தது. என்றைக்காவது விற்கிற எண்ணம் வந்தால் முதலில் தன்னிடம்தான் கேட்பார் என்று விலையைப் பற்றி வாயே திறக்காமல் இருந்தார். மோட்டார் சைக்கிளில் வீடு திரும்பும்போது சிவநேசன்மேல் இருந்த கோபம் குறையவில்லை. அதில் பாதி இப்போது தன்மேல் திரும்பியிருந்தது, அவ்வளவுதான்.

அடுத்த ஞாயிறு ஏழு மணிக்கெல்லாம் சந்தையில் இருந்தார். சிவநேசனின் பாயை ஒட்டி ஒரு பிளாஸ்டிக் முக்காலியைப் போட்டு, மடியில் இந்த வருடப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

முதலில் வந்தவர் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டி ஓய்ந்த சின்னையா. கைக்குட்டை முடிச்சை அவிழ்த்து மூன்று காசுகளைப் பாயில் வைத்தார். சிவநேசன் ஒரு விலை சொன்னான். தங்கராஜு பக்கத்தைத் திருப்பி, வருடத்தைப் படித்தார், காசின் பெயரைப் படித்தார், விலையைப் படித்தார். இது கடை விலை, வாங்குகிறவன் கொஞ்சம் குறைத்துத்தான் கேட்பான், ஆனால் இவ்வளவு குறைத்துக் கேட்டால் அது திருட்டு என்றார். காய்கறி வாங்க வந்தவர்கள் பையோடு நின்று கேட்டார்கள். சின்னையா மூன்று காசையும் பொறுக்கி மறுபடி முடிந்துகொண்டார்.

"என் பொழப்புல மண்ணள்ளிப் போடுறீங்க அண்ணே," என்றான் சிவநேசன்.

"ஆமா."

சிவநேசன் பாயைச் சுருட்டினான். பெட்டியைத் தூக்கிக்கொண்டு மீன் கடைகளையும் தாண்டிப் போய், சந்தையின் கடைசி மூலையில் மறுபடி விரித்தான். தங்கராஜு புத்தகத்தை மூடிக் கக்கத்தில் இடுக்கினார். முக்காலியைத் தூக்கிக்கொண்டு அவன் பின்னாலேயே நடந்தார்.