கிணற்றில் விழுந்த கடிகாரம்

அறுபதுகளின் கடைசியில் கடத்தூரில் குமாஸ்தாவாக இருந்தபோது என்னைப் பிடித்த பைத்தியம் பழைய கைக்கடிகாரங்கள். அதிலும் பக்கவாட்டில் இரண்டு பொத்தான் வைத்து, அழுத்தினால் ஒரு நீள முள் மட்டும் தனியாக ஓடி நிற்கும் ஸ்டாப் வாட்ச் வகை. தண்ணீர் புகாத கூடு போட்டு வந்த ஆரம்பகாலத்து உருப்படி என்றால் எனக்குச் சோறு தண்ணீர் வேண்டாம்.

மொரப்பூர் பக்கத்துக் கிராமத்தில் ஒரு பழைய பட்டாளத்துக்காரரிடம் அப்படி ஒன்று இருந்தது. சண்டையில் அதைக் கட்டிக்கொண்டு ஆற்றை நீந்திக் கடந்ததாக டீக்கடையில் சொல்வார். முந்தின வருஷம் தண்ணீர் சேந்தும்போது வார் அறுந்து, கடிகாரம் அவர் கிணற்றிலேயே விழுந்தது. பாதாளக் கரண்டி போட்டுத் துழாவியும் சிக்கவில்லை. எத்தனை நாள் கிடந்தாலும் அதற்கு ஒன்றும் ஆகாது என்று அவர் சொல்லப்போக, ஊரே சிரித்தது. அதற்குப் பிறகு அவருடைய ஆற்றுக் கதையையும் யாரும் நம்பவில்லை.

கோடையில் கிணற்றைத் தூர்வாரினார்கள். விலைக்குக் கேட்டுப் பார்க்கலாம் என்று நானும் போய் நின்றேன்.

"உள்ள தண்ணி போயிருந்தா நீங்களே எடுத்துக்குங்க சார். போவாம இருந்தா அப்புறம் கேக்கக் கூடாதுங்க" என்றார் பட்டாளத்துக்காரர். சரி என்றேன்.

சேறு கூடை கூடையாக மேலே வந்தது. அக்கம்பக்கத்தார் தவறவிட்ட சொம்புகளும் வாளிகளும் கிடைத்தன. அவரவர் அடையாளம் சொல்லி எடுத்துப் போனார்கள். மத்தியானத்துக்கு மேல் கடிகாரம் வந்தது. கண்ணாடி கீறி மங்கியிருந்ததால் உள்ளே ஒன்றும் தெரியவில்லை. கழுவித் துடைத்து, மூடி கழற்றுவதற்காகக் கையோடு கொண்டுபோயிருந்த சாவியைப் பின்மூடியில் வைத்தேன். சிரித்த ஆட்களெல்லாம் சுற்றி நின்றார்கள். பட்டாளத்துக்காரர் மட்டும் கிணற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆசைப்பட்டு வந்த பொருள் எனக்குக் கிடைக்கக் கூடாதே என்று நான் வேண்டிக்கொண்டது அந்த ஒரு முறைதான்.

மூடி கழன்றது. உள்ளே ஒரு பொட்டு ஈரம் இல்லை. சக்கரங்கள் பளிச்சென்று இருந்தன. ஒரு வருஷம் சேற்றுக்குள் கிடந்த பொருளா இது என்று எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. மூடியை இறுக்கிச் சாவி கொடுத்தேன், ஓடியது. பொத்தானை அழுத்தினேன், நீள முள் கிளம்பிவிட்டது.

வாரில்லாத கடிகாரத்தை அவர் உள்ளங்கையில் வைத்தேன். அதைக் காதில் வைத்துக் கேட்டார். பிறகு, சிரித்தவர்களில் ஒருவன், "அந்த ஆத்துக் கதையச் சொல்லுங்க" என்று மெதுவாகக் கேட்டான். அவர் கடிகாரத்தை அவன் காதில் கொண்டுபோய் வைத்தார்.