தொட்டிப்பாலத்தில் காது

கம்பெனியில் எழும்பும் புதுச் சுவருக்கு யாரோ தண்ணீர் அடிக்க, சூடான செங்கல் நனைந்த வாசனையில், ஷிப்டுக்குப் போய்க்கொண்டிருந்த நான் நினைவில், ஆற்று நடுவிலிருந்த எங்கள் சின்ன வயசுத் திட்டுக்கே போய்விட்டேன். ஏரித் தண்ணீரை ஆற்றுக்கு மேலாகவே சுமந்துவந்து திட்டின் வேர்க்கடலைக் கொல்லையில் விடும் வெள்ளைக்காரன் காலத்துத் தொட்டிப்பாலம் அங்கே இருந்தது. மதகு திறக்கும் நாளில், அம்மா கொல்லையில் வாய்க்கால் ஒதுக்கிக்கொண்டிருக்க, நானும் தோழி ஸ்டெல்லாவும் பாலத்தின் காய்ந்த தொட்டிக்குள் படுத்து, பாசி மணக்கும் செங்கல்லில் காதை ஒட்டி, தண்ணீருக்கு முன்னால் ஓடிவரும் அதன் சத்தத்துக்காக மூச்சடக்கிக் கிடப்போம். முதலில் கேட்டுக் கத்துகிறவளுக்குத்தான் முதல் குளியல்.

“தண்ணி வந்துகினு கீதுடீ!”

எப்போதும் ஸ்டெல்லாதான் முந்துவாள். நான் ஒருமுறைகூட ஜெயிக்காமலே, ஒரு மழைக்காலத்து வெள்ளத்தில் திட்டு கரைந்து பாலமும் சரிந்துவிட்டது.

இன்று, சுவரோரம் ஓடும் பெரிய தண்ணீர்க் குழாயில் காதை வைத்தேன். தூரத்திலிருந்து அதே குடுகுடுப்பு!

“இன்னாக்கா, இன்னா கேக்குது?” என்றார் செக்யூரிட்டி.

“இருங்கண்ணா!” என்று கையமர்த்திவிட்டு ஸ்டெல்லாவுக்கு போன் போட்டேன். அவள் ஹலோ சொல்வதற்குள் கத்தினேன்:

“தண்ணி வந்துட்ச்சிடீ! இன்னிக்கு நான்தான் மொதல்ல!”