தேன்காரரைக் காட்டி ஊட்டிய மருந்து

அந்த மருந்தை நினைத்தால் இப்போதும் முதலில் மூக்கில் ஏறுவது அதன் வாடைதான். செங்கல் நிறத்தில் இருக்கும். மூடியைத் திறந்ததுமே துருப்பிடித்த ஆணியைத் தண்ணீரில் ஊறப்போட்டதுபோல் ஒரு நெடி வரும். சட்டையில் ஒரு சொட்டுப் பட்டால் எவ்வளவு சோப்புப் போட்டாலும் போகாது. ஒன்றுக்குப் போனால் அதுவும் அதே நிறத்தில் போகும். எனக்கு ஐந்து வயதில் "பிரைமரி காம்ப்ளக்ஸ்" என்றார்கள், குழந்தைகளுக்கு வருகிற காசநோய். சளி விடாமல், சோறு இறங்காமல் மெலிந்துபோன குழந்தை கள்ளக்குறிச்சியில் அந்நாளில் தெருவுக்கு ஒன்றாவது இருக்கும். பெரியவர்கள் சுருக்கமாக "காம்ப்ளக்ஸ் புள்ள" என்பார்கள். ஆறு மாதம் ஒரு நாள்கூட விடாமல் காலையில் வெறும் வயிற்றில் கொடுக்க வேண்டும், விட்டால் உடம்பு பழையபடி ஆகிவிடும் என்று டாக்டர் சொன்னதை அம்மா வேதவாக்காகப் பிடித்துக்கொண்டார்.

நானும் லேசுப்பட்டவள் இல்லை. அம்மா சமையலறைத் தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, என்னை மல்லாக்கக் கிடத்தி, மூக்கைப் பிடித்து, குழந்தைக்குப் பால் புகட்டுகிற சங்கான "பாலாடை"யால் ஊற்றுவார். நான் விழுங்கியதுபோல் தொண்டையை ஆட்டிக் காட்டிவிட்டு, கன்னத்தில் அடக்கி வைத்திருந்ததை அரிசி டிரம்முக்குப் பின்னால் போய்த் துப்பிவிடுவேன். ஒருநாள் டிரம்மை நகர்த்திக் கூட்டியபோது சுவரெல்லாம் சிவப்பாக இருந்தது. அம்மா அடிக்கவில்லை. துடைப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்து அழுதார்.

அந்த வாரத்தில்தான் சடையன் வந்தார். கல்வராயன் மலையிலிருந்து முதல் பஸ்ஸில் இறங்கி, தேன், கடுக்காய், சாமை அரிசி எல்லாவற்றையும் ஒரு சாக்கில் கட்டித் தோளில் போட்டுக்கொண்டு தெருத்தெருவாக விற்பவர். நெட்டையான ஆள், கனத்த குரல். தெருமுனையில் "தேனேய்" என்றால் எங்கள் வீட்டுப் பின்கட்டு வரைக்கும் கேட்கும். பாலாடையும் கையுமாக என்னோடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்த அம்மாவுக்கு அந்தக் குரல் நல்ல நேரத்தில் கைகொடுத்தது.

"அந்தா வர்றாரு பாரு. மருந்து குடிக்காத புள்ளைங்கள சாக்குல போட்டுக்கினு மலைக்குப் போயிடுவாரு" என்றார். நான் மடக்கென்று விழுங்கினேன்.

அதன்பிறகு அவர் வராத நாட்களிலும் அவர் பெயர் வந்தது. மருந்து இறங்கியதும் நாக்கில் தடவுகிற தேனும் அவரிடம் வாங்கியதுதான் என்பது அப்போது யாருக்கும் உறைக்கவில்லை. அம்மா ஒருநாள் அவரிடமே இதைச் சிரித்துக்கொண்டு சொல்ல, அவரும் சிரித்தார். வாசலில் நின்று ஒரு சத்தம் போட்டுவிட்டுப் போகும்படி அம்மா கேட்டபோது, சாக்கை உதறிக் காட்டி, "இன்னா, பாப்பா இன்னும் குடிக்கலியா" என்று கேட்டுவிட்டுத்தான் போனார். அவருக்கு அது வேடிக்கையாக இருந்ததா, தேன் வாங்குகிற வீடு சொல்வதை எப்படித் தட்டுவது என்று செய்தாரா, தெரியவில்லை. சில நாள் தேனடையில் ஒரு துண்டை இலையில் வைத்து, பாப்பாவுக்கு என்று கொடுத்துவிட்டுப் போவார். நான் அதைத் தொட்டதில்லை.

எனக்கு உடம்பு தேறியது. அம்மா கண்டுபிடித்த வழி தெருவுக்கே பிடித்துப்போய், சோறு உண்ணாத பிள்ளை, தூங்காத பிள்ளை, பள்ளிக்கூடம் போகாத பிள்ளை எல்லாவற்றுக்கும் சடையன்தான் என்றாகிவிட்டது. அவர் தெருவுக்குள் நுழைந்தால் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகள் எல்லாம் வீட்டுக்குள் ஓடிக் கதவைச் சாத்திக்கொள்வோம்.

என் மருந்து முடிந்து சில மாதங்கள் கழித்து, ஒரு மத்தியானம், அவர் சாக்கு இல்லாமல் வந்தார். தோளில் ஒரு பெண் குழந்தை, இரண்டு வயது இருக்கும். கையில் மருந்துப் பை. பெரியாஸ்பத்திரியில் சேர்த்து வைத்தியம் பார்த்து அனுப்பியிருந்தார்கள். என்னுடையதைப் போலவே இதையும் மாதக்கணக்கில் விடாமல் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். நர்ஸ் ஊற்றினால் இறங்குகிறது, தான் ஊற்றினால் அத்தனையும் துப்பிவிடுகிறது, மலைக்குப் போனால் ஊற்ற நர்ஸுக்கு எங்கே போவது என்றார். டவுனில் அவருக்குத் தெரிந்த, மருந்து கொடுத்துப் பழகிய ஒரே தாய் என் அம்மாதான்.

தேனில் குழைத்துக் கொடுக்கலாம் என்று அம்மா சொன்னார். தேன் அவளுக்குத் தினப்படி தீனி, அதற்கெல்லாம் மயங்கமாட்டாள் என்றார் அவர்.

"பயம் காட்டித்தானம்மா குடுத்தீங்க" என்றார் சடையன். "உங்க புள்ளைக்கு என்னைக் காட்டுனீங்க. எம்புள்ளைக்கு நான் யாரக் காட்டுறது?"

குத்திக் காட்டுவதற்காக அவர் அதைச் சொல்லவில்லை. உண்மையாகவே வழி கேட்டார். கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன் என்று அம்மா பிற்பாடு பலமுறை சொல்லியிருக்கிறார்.

கடைசியில் வழியை அவரே சொன்னார். பாப்பா எதிரே உட்கார்ந்து குடிப்பதுபோல் காட்டினால் போதும், பார்த்துக்கொண்டே இதுவும் குடித்துவிடும். அம்மா என்னைக் கூப்பிட்டார். நான் உள்ளறையில் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு நின்றேன். ஜன்னல் வழியாக நான் பார்த்திருந்தேன். அவர் தோளில் இருந்தது எங்கேயோ பிடித்துக்கொண்டு வந்த பிள்ளை என்றும், அடுத்தது நான் என்றும்தான் எனக்குப் பட்டது. அம்மா கதவைத் தட்டித் தட்டிக் கெஞ்சினார். "அதெல்லாம் அம்மா சும்மா சொன்னது பாப்பா. பொய்யி." அதை நான் நம்பவில்லை. அம்மாவே என்னைப் பிடித்துக் கொடுக்கப் போகிறார் என்று அலறினேன். என் அலறலைக் கேட்டு அந்தக் குழந்தையும் வீறிட்டது.

"வுடுங்கம்மா. பாப்பாவ அடிக்காதீங்க" என்று சொல்லிவிட்டு அவர் பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார். அம்மா பின்னாலேயே ஓடினார். அதற்குள் தெரு திரும்பிவிட்டிருந்தார்.

சடையன் அப்புறம் எங்கள் தெருவுக்கு வரவில்லை. சங்கராபுரம் பக்கம் விற்கிறார் என்று யாரோ சொன்னதை நம்பி அம்மா அங்கே சந்தைக்குக்கூட ஒருமுறை போய்ப் பார்த்தார். அந்தக் குழந்தை மருந்தைக் குடித்ததா, பிழைத்ததா என்கிற கேள்வி எங்கள் வீட்டில் ஓர் ஆளைப்போல் குடியிருந்தது. ஐந்தாறு வயதுப் பிள்ளைக்கு என்ன தெரியும் என்பார்கள், சரிதான். ஆனால் அந்த மனிதரைப் பூதமாக்கித் தேறிய உடம்பு இது. காய்ச்சல் வந்து குணமாகிற ஒவ்வொரு தடவையும் எனக்கு அது வெட்கமாகத்தான் இருக்கிறது.

இப்போது என் மகனுக்கு வாங்குகிற சிரப் மாம்பழ ருசியில் இருக்கிறது. இன்னொரு மூடி கேட்டு அழுகிறான், பாட்டிலை ஒளித்து வைக்க வேண்டியிருக்கிறது. பாலாடை எங்கே போனதென்று தெரியவில்லை. தேன் கடையில் லேபிள் ஒட்டி வருகிறது, தெருவில் யாரும் கூவுவதில்லை. ஆறு மாதம் ஒரு குழந்தையோடு மல்லுக்கு நிற்பது என்றால் என்னவென்று என் வயதுத் தாய்மார்களுக்கே தெரியாது.

போன வருஷம் அம்மாவைக் கல்வராயன் மலைமேல் இருக்கும் வெள்ளிமலைக்கு அழைத்துப் போனேன். சாலையோரத்தில் தேனும் பலாப்பழமும் வைத்து விற்றுக்கொண்டிருந்த பெண்களில், முப்பது வயது மதிக்கத்தக்க ஒவ்வொருத்தியிடமும் அம்மா வண்டியை நிறுத்தச் சொன்னார். தேன் வாங்குகிற சாக்கில் முகத்தை முகத்தைப் பார்த்தார். கடைசியில் ஒருத்தியிடம், கீழே கள்ளக்குறிச்சிக்குத் தேன் விற்க வந்த சடையனைத் தெரியுமா, அவருக்கு ஒரு பெண் இருந்ததே என்று கேட்டேவிட்டார்.

"சடையன்னா மலையில நெறைய பேரு இருக்காங்கம்மா" என்றாள் அவள். "எந்த ஊரு சடையன்?"

அம்மா என்னைப் பார்த்தார். அத்தனை காலம் வாசலில் நிறுத்திப் பேசியும், அவர் எந்த ஊர் என்று எங்கள் தெருவில் ஒருவரும் கேட்டதில்லை.