தங்கச்சிக்காக ஒரு ஞாயிற்றுக்கிழமைக் கச்சேரி

பகலில் அரியலூரில் சிமெண்ட் லாரி ஆபீஸில் கணக்குப்பிள்ளை வேலை. திருவிழாக் காலம் வந்துவிட்டால் சாயங்காலமே கீபோர்டைத் தூக்கிக்கொண்டு வேனில் ஏறிவிடுவேன். எங்கள் இன்னிசைக் குழுவில் ஏழு பேர். பெண் குரல் ஒன்றே ஒன்று. அவள் என்னை அண்ணே என்பாள், நான் தங்கச்சி என்பேன். கூடப் பிறந்தவளில்லை. ஆனால் கூடப் பிறந்தவள்கூட என்னை அந்த அளவு திட்டியதில்லை. வாசிப்பில் ஓர் இடம் தப்பினால் போதும், மைக்கைக் கையால் மூடிக்கொண்டு, "என்னண்ணே, தூங்குறீங்களா?" என்பாள். முன்வரிசை முழுக்கச் சிரிக்கும். எனக்குக் காது சூடாகிவிடும்.

கச்சேரி முடிந்து திரும்பும்போது வேனிலும் பாடிக்கொண்டே வருவாள். மைக் கிடையாது, தாளம் கிடையாது, ஜன்னலில் தலையைச் சாய்த்துக்கொண்டு தனக்குத்தானே பாடுவாள். டிரைவர் உட்பட யாரும் வாயைத் திறக்க மாட்டோம். பன்னிரண்டு வருசம் அப்படிப் போனது. அதுதான் நல்ல காலம் என்று அப்போது யாருக்குத் தெரிந்தது?

ஒரு நாள் கழுத்தில் ஒரு கட்டி என்றாள். திருச்சியில் பார்த்தார்கள். தைராய்டில் புற்றுநோய். உடனே ஆபரேஷன் செய்ய வேண்டும் என்ற டாக்டர், குரல் நரம்பு கட்டியோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது, உயிரைக் காப்பாற்றிவிடலாம், குரலுக்கு உத்தரவாதம் தர முடியாது என்று சொல்லிவிட்டார். காப்பீட்டு அட்டையில் செலவில் பாதிதான் அடங்கியது. அவள் வீட்டுக்காரர் உடையார்பாளையத்தில் டெய்லர். மீதிக்காகத் தையல் மெஷினையே விற்கக் கிளம்பிவிட்டார். அப்புறம் எதை வைத்துச் சாப்பிடுவதாம்? பிடித்துச் சத்தம் போட்டு உட்கார வைத்தோம். எங்களுக்குத் தெரிந்த ஒரே தொழில் கச்சேரி. அதையே செய்வது என்று முடிவானது.

பெரம்பலூரில் ஒரு கல்யாண மண்டபம். அதன் உரிமையாளர் லெப்பைக்குடிகாட்டுக்காரர், வளைகுடாவில் சம்பாதித்துத் திரும்பியவர். வாடகையைக் குறைத்துக் கேட்கலாம் என்று போய் நின்றோம்.

"வாடகை பேச வந்தீங்கன்னா கெளம்புங்க" என்றார். செருப்பை மாட்டத் திரும்பினோம். "எங்க ஊரு ஸ்கூல் விழாவுல அந்தப் புள்ள பாடிக் கேட்டிருக்கேன். அல்லா ஷிஃபா குடுப்பான், கொணமாயிரும். சாவிய வாங்கிட்டுப் போங்க."

ஆபரேஷன் புதன்கிழமை. அதற்கு முந்தைய ஞாயிறு மாலை நான்கு மணிக்குக் கச்சேரி. தொண்டையைச் சிரமப்படுத்தக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால் அவள் பாடுவதாக இல்லை. இரண்டு வயது மகளை நாத்தனார் வீட்டில் விட்டுவிட்டு, கழுத்தைச் சுற்றித் துப்பட்டா போட்டுக்கொண்டு முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். எங்கள் பக்கத்துக் கச்சேரிகளில் ஒரு வழக்கம் உண்டு. விருப்பப் பாட்டைச் சீட்டில் எழுதி, அன்பளிப்போடு மேடைக்கு அனுப்புவார்கள். அன்றும் சீட்டுகள் வந்தன. ஒரு புண்ணியவான் மட்டும் குத்தாட்டப் பாட்டு கேட்டிருந்தார். மற்ற எல்லாச் சீட்டிலும் ஒரே வரிதான்: அந்த அக்கா பாடட்டும்.

நான் சீட்டுகளை மைக்கில் படிக்காமல் கீபோர்டுக்கு அடியில் தள்ளிக்கொண்டிருந்தேன். அவளா விடுவாள்? எழுந்து நேரே மேடைக்கு வந்துவிட்டாள்.

"வேணாம்மா, சொன்னாக் கேளு" என்றேன்.

"புதன்கெழமைக்கு அப்புறம் கேட்டீங்கன்னா கொரலுக்கு நான் எங்கண்ணே போறது? வாசிங்க."

"சுருதிய அரைக் கட்டை கொறச்சு எடுக்கட்டுமா?"

"எப்பவும் எடுக்குறதையே எடுங்க."

பழைய தாலாட்டு ஒன்றைப் பாடினாள். நானும் எத்தனையோ மேடை பார்த்திருக்கிறேன், அப்படி ஓர் அமைதியைக் கேட்டதில்லை. மேல் ஸ்தாயியில் குரல் லேசாகப் பிசிறடித்தது. நிறுத்தி, தண்ணீர் குடித்து, அதே வரியை மறுபடி எடுத்து முடித்தாள். அவள் வீட்டுக்காரர் வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு அழுதார். நான் மட்டும் என்ன, கட்டையே கண்ணுக்குத் தெரியாமல்தான் வாசித்தேன்.

ஆஸ்பத்திரிக்கு வேண்டியது சேர்ந்துவிட்டது. மெஷின் தப்பித்தது. அவளும் பிழைத்தாள். குரல் மட்டும் திரும்பவில்லை. காற்றுப் போலக் கிசுகிசுப்பாக வருவதுதான் இப்போது அவள் பேச்சு.

கச்சேரி முடிந்த மூன்றாம் வாரம்தான் எனக்கு உறைத்தது, அன்றைக்கு அவள் பாடியது பதிவாகவே இல்லை என்று. எங்கள் சவுண்ட்காரர் தானாக எதையும் பதிவு செய்ய மாட்டார். விழாக் கமிட்டி ஆள் பென் டிரைவை நீட்டி, பக்கத்திலேயே நின்று நச்சரித்தால்தான் ரெக்கார்ட் பட்டனை அமுக்குவார். அந்தக் கமிட்டி ஆட்களை நாங்கள் பண்ணாத கேலி இல்லை. அன்றைக்குக் கமிட்டியே நாங்கள்தான். பென் டிரைவைத் தபேலாக்காரர் கொடுத்திருப்பார் என்று நானும், நான் கொடுத்திருப்பேன் என்று அவரும் இருந்திருக்கிறோம். செல்போனில் எடுத்தவர்களிடம் கேட்டேன். ஸ்பீக்கர் பாக்ஸ் பக்கத்தில் நின்று எடுத்திருக்கிறார்கள், வெறும் இரைச்சல். பழைய கச்சேரியாவது கிடைக்குமா என்று திருமழபாடியிலிருந்து வரதராஜன்பேட்டை வரைக்கும் கமிட்டிக்காரர்களைப் பார்த்தேன். எல்லாரும் அதே பென் டிரைவை அழித்துத்தான் அடுத்த வருசத்துக் கச்சேரியைப் பதிந்திருந்தார்கள். முட்டாள் என்று என்னை நானே எத்தனை தடவை திட்டிக்கொண்டேனோ.

மூன்று வருசமாக அவள் அதைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்டுவிடுவாளோ என்று நானும் அந்தப் பக்கம் போவதைக் குறைத்துக்கொண்டேன். போன பொங்கலுக்குப் போகாமல் இருக்க முடியவில்லை. மகள் இப்போது யூகேஜி. என்னிடம் வந்து, "எங்கம்மா மேடையில பாடுவாங்களாம். அப்பா பொய் சொல்றாருதானே மாமா?" என்றாள்.

தங்கச்சி என் பக்கம் திரும்பி, "அன்னைக்குப் பாடுனத போட்டுக் காட்டுங்கண்ணே. இவ நம்ப மாட்டேங்குறா" என்றாள். அந்தக் கிசுகிசுப்பைக் கேட்கவே நான் குனிய வேண்டியிருந்தது.

சொன்னேன். ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்ப பொய்யா?" என்றது குழந்தை.

"இல்லடி தங்கம். நெசம்" என்றேன்.

"அப்ப இப்பப் பாடச் சொல்லுங்க."

தங்கச்சி மகளை இழுத்து மடியில் போட்டு, காதோரம் வாயை வைத்தாள். உதடு அசைந்தது. பக்கத்தில் இருந்த எனக்கு ஒன்றுமே கேட்கவில்லை. குழந்தை மட்டும் அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தது.