நடுவில் அளந்து பார்

1. சேகரின் தொந்தி

சென்னை பாடியில் ஒரு லேத் பட்டறையில் இருபத்தாறு வருஷம் ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷன் பார்த்தவன் நான். என் வேலை, பிறர் செய்ததில் குற்றம் கண்டுபிடிப்பது. சம்பளம் இல்லாமலே செய்திருப்பேன், அவ்வளவு பிடித்த வேலை.

என் மனைவி வசந்தியின் தம்பி சேகரை டர்னராகச் சேர்த்துவிட்டதும் நான்தான். முதல் மாதமே ஒரு தட்டு ஷாஃப்ட்டோடு வந்தான். இரண்டு முனையையும் எமரித் தாள் போட்டு முகம் பார்க்கிற மாதிரி தேய்த்திருந்தான். முனைகளை அளந்தேன், சரியாக இருந்தன.

“முனைய அளந்துட்டே இல்ல மாமா? கையெழுத்து போடு.”

நீளமான ஷாஃப்ட் கடையும்போது நடுவில் வளைந்து கொடுக்கும். அங்கே சரியாகச் சீவாமல் சதை தங்கிவிடும். மைக்ரோமீட்டரை நடுவில் வைத்தேன். டாலரன்ஸ், அதாவது முன்பின்னாக விடுகிற அளவு, எப்போதோ தாண்டியிருந்தது.

“இன்னா மச்சான், நடுவுல தொந்தி?”

“சாப்பாட்டு நேரம் மாமா, அதான்.”

தட்டு முழுக்கச் சிவப்பு பெயிண்ட் அடித்தேன், எல்லாவற்றையும் திரும்பக் கடைய வேண்டும். ரீவொர்க். ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. அதற்குப் பிறகும் அவன் செய்த எதையும் நான் முதல் தடவையில் பாஸ் செய்ததே இல்லை.

2. என் தொந்தி

நான் ரிடையரான வருஷம் வசந்திக்கு இரண்டு கிட்னியும் நின்றுபோயின. வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். மாற்றுக் கிட்னிதான் வழி என்றார்கள். முதல் ஆளாகக் கையைத் தூக்கினேன். பிளட் குரூப்பும் பொருந்தியது. அம்பத்தூரில் எங்கள் தெரு முழுக்கச் சொல்லியும் ஆயிற்று.

எனக்கு லேசாக சுகர் உண்டு. டாக்டரிடம் அதைச் சொல்லவில்லை. டெஸ்டுக்கு முன் இரண்டு நாள் வெள்ளரிக்காயும் மோரும்தான்.

“வெறும் வயித்து சுகர் நல்லா இருக்கே சார்” என்றார் டாக்டரம்மா. காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன். “ஆனா மூணு மாச சராசரி ஒன்பதைத் தாண்டுது. ரெண்டு நாளா பட்டினியா? நீங்க குடுக்க முடியாது சார்.”

அந்தம்மா நடுவில் அளந்துவிட்டார்.

அடுத்து சேகர் போனான். எல்லா டெஸ்டிலும் பாஸ். ரீவொர்க்கே இல்லாமல்.

3. பெரிய துண்டு

அன்றிலிருந்து வீட்டில் மீன் குழம்பின் பெரிய துண்டு சேகருக்கு.

“எனக்கு?” என்றேன்.

“நீங்க இன்னா தர்றீங்க?” என்றாள் வசந்தி. விளையாட்டாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் முள் தொண்டையில் நின்றது. இருபத்தெட்டு வருஷம் பக்கத்தில் படுத்துக் குறட்டை விட்டவன் நான். அவளுக்குள்ளே போய் உட்காரப்போவது சேகருடைய கிட்னி.

இன்ஸ்பெக்‌ஷனை வீட்டில் ஆரம்பித்தேன். சேகர் பீடி நாற்றத்தோடு வந்தானா, எத்தனை இட்லி தின்றான், எத்தனை தும்மினான், எல்லாம் உடனுக்குடன் வசந்தியிடம் ரிப்போர்ட் ஆகும். ஒரு வெள்ளிக்கிழமை திருவேற்காடு கோயிலில், அவன் டெஸ்ட் ரிப்போர்ட்டில் சின்னதாக ஒரு கீறல் விழக்கூடாதா என்று ஒரு நிமிடம் நினைத்துவிட்டேன். கீறல் விழுந்தால் வசந்தி கதி? கன்னத்தில் போட்டுக்கொண்டேன். பலமாகவே போட்டுக்கொண்டேன், பக்கத்திலிருந்த ஒரு அம்மா திரும்பிப் பார்த்தார்.

மறுநாள் சேகர் ஆஸ்பத்திரி ஃபைலோடு வந்தான்.

“இத பாரு மாமா.”

“நான் இன்னா டாக்டரா? அவங்க பாத்தாச்சு இல்ல?”

“நீ பாக்கலையே. நீ பாஸ் பண்ணாத எதுவும் நம்ம பட்டறை கேட்டைத் தாண்டுனதில்ல. நீ ஒரு தபா பாத்துட்டா எனக்கு தெகிரியமா கீது.”

ஃபைலை என் கையில் கொடுத்துவிட்டும் அதன் ஓரத்தை விடாமல் பிடித்திருந்தான்.

“பயமா கீதா மச்சான்?”

“கீது மாமா. அக்காகிட்ட சொல்லிடாத.”

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எல்லாப் பக்கத்தையும் படித்தேன். பாதி புரியவில்லை. குற்றம் ஒன்றும் அகப்படவில்லை. ஃபைல் அட்டையில் ‘ஓகே’ என்று எழுதி, கையெழுத்துப் போட்டுத் தேதியும் போட்டேன்.

“யக்கா!” என்று சமையற்கட்டைப் பார்த்துக் கத்தினான் சேகர். “மாமா என்னை மொத தபாவுலயே பாஸ் பண்ணிட்டாரு!”

வருகிற புதன்கிழமை ஆபரேஷன். இப்போதெல்லாம் பெரிய துண்டை நானே எடுத்து அவன் தட்டில் வைக்கிறேன்.

இன்ஸ்பெக்‌ஷனுக்குப் புதிதாக வந்திருக்கிற தம்பிகளுக்கு: முனை எவ்வளவு பளபளத்தாலும் நடுவில் அளந்து பாருங்கள். நல்ல ஜாப் என்றால், யார் செய்திருந்தாலும், வயிறு எரிந்தாலும், கையெழுத்துப் போடுங்கள்.

என் பொறாமை போய்விட்டது என்று சொன்னால் நீங்களும் நடுவில் அளந்து பிடித்துவிடுவீர்கள். இருக்கிறது. டாலரன்ஸுக்குள் இருக்கிறது.