வால்ட் யுராசெக்கும் எங்கள் முழங்கால்களும்

வால்ட் யுராசெக் யாரைப் பார்த்தாலும் முதலில் முழங்காலைத்தான் விசாரிப்பார். என்னைக் கண்டால், "பெர்னி, முட்டி எப்படி இருக்கு?" என்பார். அதற்குப் பிறகுதான் வெயில், மழை, வீட்டு நலமெல்லாம். பிராடன் ஊரில் இதை வைத்து அவரைக் கிண்டல் செய்யாத ஆளே இல்லை. "முப்பது வருஷமாச்சு, என் முட்டியை ஒரு தடவை கேட்டிருப்பாரா இந்த மனுஷன்?" என்று அவர் மனைவி ஜோன் மைதான வாசலில் டிக்கெட் விற்கிற மேஜையிலிருந்தே குரல் கொடுப்பாள்.

எஃகு ஆலையை மூடியபோது வால்ட் பள்ளிக்கூட பஸ்களுக்கு மெக்கானிக்காகப் போனவர். எங்கள் பெண்கள் ஃபுட்பால் அணிக்கு கோச் வேண்டுமென்று ஊரெல்லாம் நோட்டீஸ் ஒட்டினோம்; வந்தவர் இவர் ஒருவர்தான். மீன் பிடிக்கக் கொண்டுபோகும் பெட்டி நிறையப் பனிக்கட்டியோடு வந்தார். "அடிபடும்ல, வேணும்ல" என்றார். அன்றைக்கே எங்களுக்கு அவரைப் பிடித்துப்போய்விட்டது.

பந்தைக் காலால் உதைத்துக்கொண்டு திரிகிற ஆட்டத்தைச் சொல்லவில்லை. பந்தை வயிற்றோடு அணைத்துக்கொண்டு, ஆளை இடித்துத் தள்ளி ஓடுகிற எங்கள் அமெரிக்க ஃபுட்பால் இது. நான் சலூன் வைத்திருக்கிறேன். என் பக்கத்தில் நிற்கிற டாட்டி பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்கிறாள். நாங்கள் முன்வரிசைக்காரிகள். பந்து எங்கள் கைக்கு வரவே வராது. எங்களுக்குப் பின்னால் பந்தோடு ஓடி வருகிறவளுக்கு வழி திறந்துவிடுவதுதான் எங்கள் வேலை. நானும் டாட்டியும் லிஃப்டில் ஏறினால் மூன்றாவது ஆள் படிக்கட்டில் போய்விடுவார். அந்த உடம்பு இந்த வேலைக்குத் தேவை.

முதல் வருஷம் என் வலது முழங்கால் ஆட்டத்தில் பிசகியது. அந்தக் கோடை முழுக்க ஸ்டூலில் உட்கார்ந்துதான் முடி வெட்டினேன். வாராவாரம் வால்ட் சொல்லாமல் கொள்ளாமல் வந்து என் வீட்டுப் புல்லை வெட்டிவிட்டுப் போவார். காபி கொடுத்தால் நின்றுகொண்டே குடிப்பார். நல்ல மனுஷன் என்று நினைத்துக்கொண்டேன், அதற்கு மேல் யோசிக்கவில்லை.

எங்கள் ஆட்டத்தில் ஒவ்வொரு முயற்சிக்கும் முன்னால் எல்லாம் ஒரு கணம் நிற்கும். நாலு முயற்சிக்குள் பத்து கஜம் முன்னேற வேண்டும். யார் எந்தப் பக்கம் போவது என்று கோச் ஓரத்தில் நின்று கைஜாடை காட்டுவார். வால்ட் காட்டுகிற ஜாடை ஒன்றே ஒன்று: உள்ளங்கையில் முஷ்டியால் ஒரு குத்து. அதன் பெயர் சுத்தியல். முன்வரிசையில் இருக்கிற நாங்கள் எதிரே நிற்பவளை நேராக முட்டித் தள்ளுவோம், பந்தை வைத்திருப்பவள் எங்கள் நடுவில் புகுந்து முண்டியடித்துப் போவாள். அப்போது எங்களுக்காக ஓடியவள் சிமெண்ட் லாரி ஓட்டுகிறவள். கனத்தில் எனக்கே அக்கா. அவளுக்குச் சுத்தியல் அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது. அவள் கல்யாணமாகி ஈரி நகரத்துக்குப் போய்விட்டாள்.

அவள் இடத்துக்கு வந்தவள் ரெனிட்டா ஓக்ஸ், எங்கள் தெருத் தபால்காரி. ஒல்லி. நாய்களிடமிருந்து தப்பித்துத் தப்பித்தே ஓடப் பழகியவள். முதல் நாள் வால்ட் அவளை மைதானத்தின் மறு கோடிவரை ஓடச் சொல்லிவிட்டு, கையிலிருந்த தொத்திறைச்சி சாண்ட்விச்சைக் கடித்தார். அவர் மென்று முடிப்பதற்குள் அவள் போய்த் திரும்பி வந்து நின்றாள்.

"இன்னொரு தடவை ஓடட்டுமா கோச்? இல்ல, நீங்க சாப்ட்டு முடிச்சிடுறீங்களா?"

வால்ட் சிரித்த சிரிப்பில் கடுகுச் சாந்து மூக்கில் ஏறிவிட்டது.

இப்படி ஒருத்தி கிடைத்தால் எந்த கோச்சும் என்ன செய்வார்? ஓரமாக, ஆளில்லாத பக்கம் அவளை ஓடவிடுவார். வால்ட் உள்ளங்கையில் குத்தினார். அடுத்த ஆட்டத்திலும் குத்தினார். ஏப்ரலில் ஆரம்பித்து ஜூன் வரைக்கும் குத்திக்கொண்டேயிருந்தார். காற்று மாதிரி ஓடுகிறவளைக் கூட்டத்துக்கு நடுவே அனுப்பி, மேலே நாலைந்து பேர் விழ, பிறகு ஒவ்வொருத்தியாக எழுப்பி அடியிலிருந்து அவளை எடுக்க வேண்டியிருந்தது. எங்கள் ரசிகர்களே, எண்ணிக்கையில் சொற்பம் என்றாலும், "கோச், தபாலை ஏன் சுவத்துல வீசுற?" என்று கத்தினார்கள். அவர் தொப்பியை இறக்கிவிட்டுக்கொண்டார்.

கடைசி ஆட்டத்துக்கு முந்தைய பயிற்சி முடிந்து கார்களுக்குப் போகும்போது ரெனிட்டா என்னிடமும் டாட்டியிடமும் சொன்னாள்.

"யங்ஸ்டவுன் டீம்ல என்னைக் கூப்பிடுறாங்க. போயிடலாம்னு இருக்கேன்."

"சனிக்கிழமை நம்மளோட மோதப்போறதே அவங்கதானடி!" என்றாள் டாட்டி.

"தெரியும். இங்கயே இருக்கத்தான் எனக்கும் ஆசை. ஆனா இந்தத் தோளைப் பாரு, பையைத் தூக்கி மாட்ட முடியல. உங்களையெல்லாம் பார்த்தா முட்டி எப்படி, முட்டி எப்படின்னு கேக்கறாரு. என் தோளை ஒரு தடவை கேட்டிருப்பாரா? சனிக்கிழமையும் இதே சுத்தியல்னா, ஹெல்மெட்டைப் பெட்டில போட்டுட்டுப் போயிடுவேன்."

அது எங்கள் வழக்கம். சீசனின் கடைசி ஆட்டம் முடிந்ததும் வால்ட் தன் வண்டியின் பின்கதவைத் திறந்து ஒரு பெட்டியை வைப்பார். அடுத்த வருஷம் வராதவர்கள் ஹெல்மெட்டை அதில் போட்டுவிடுவார்கள். வருகிறவர்கள் வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். யாரும் யாரையும் எதுவும் கேட்பதில்லை.

மறுநாள் மதியம் சலூனைப் பூட்டிவிட்டு பஸ் ஷெட்டுக்குப் போனேன். ஒரு பஸ்ஸுக்கு அடியிலிருந்து வால்டின் பூட்ஸ் மட்டும் வெளியே தெரிந்தது.

"கோச், வெளிய வாங்க."

"பெர்னியா? முட்டி எப்..."

"முட்டி கிடக்கட்டும். ரெனிட்டா போகப்போறா. யங்ஸ்டவுனுக்கு."

பூட்ஸ் இன்னும் கொஞ்சம் உள்ளே நகர்ந்தது.

"அவளுக்கு வேண்டியது கொஞ்சம் காலி இடம் கோச். அதைக் குடுக்காம நெரிசல்ல தள்ளி ஓடு ஓடுன்னா, அவ எங்க ஓடுவா? உங்களுக்குத் தெரியாதா இது?"

"தெரியும்."

"பின்ன?"

"ஓரமா ஓடணும்னா அவளுக்கு முன்னாடி ரெண்டு பேர் ஓடி வழி திறந்துவிடணும் பெர்னி."

"ஓடட்டுமே. யாரு அந்த ரெண்டு பேரு?"

அவர் மெதுவாகச் சறுக்கி வெளியே வந்தார். முகமெல்லாம் கிரீஸ். என் முகத்தைப் பார்க்காமல் என் வலது முழங்காலைப் பார்த்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. முதல் வருஷம் என் முட்டி போனது அப்படி ஒரு ஓட்டத்தில்தான். வரிசையை விட்டு விலகி, ஓரமாக ஓடி வழி திறந்துவிடு என்று ஜாடை காட்டினார், ஓடினேன், விழுந்தேன். அதற்குப் பிறகு அந்த ஜாடையை நான் பார்த்ததே இல்லை.

"'டப்'னு ஒரு சத்தம் வந்துச்சு" என்றார். "ஓரத்துல நின்ன எனக்கே கேட்டுச்சு. நான் சொல்லித்தான நீ ஓடினே."

எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. கோபம் முந்திக்கொண்டது.

"அது என் முட்டி கோச்! அன்னிக்குப் போகலைன்னா மாடிப்படில போயிருக்கும். இந்தப் பொம்பளைங்களால ஓட முடியாதுன்னு நீங்களா முடிவு பண்ணிட்டீங்க. எங்களுக்குப் பாவம் பார்த்து அந்தப் பொண்ணை அடி வாங்க விடுறீங்க. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"கேட்டா நீ சரின்னு சொல்லிடுவியே" என்றார் வால்ட்.

ஒரு ஸ்பானரை எடுத்து அவர் கையில் திணித்துவிட்டு வந்துவிட்டேன். காரில் உட்கார்ந்து நன்றாக அழுதேன்.

சனிக்கிழமை முதல் பாதி முழுக்கச் சுத்தியல்தான். யங்ஸ்டவுன்காரிகள் எல்லோரும் நடுவிலேயே குவிந்து நின்றார்கள், வேறு எங்கும் போக வேண்டிய அவசியமே அவர்களுக்கு இல்லை. ரெனிட்டா ஒவ்வொரு முறையும் எழ இன்னும் கொஞ்சம் நேரமானது. அவள் ஓரத்தைப் பார்ப்பாள், வால்ட் தரையைப் பார்ப்பார். இரண்டாம் பாதி தொடங்கியும் அதேதான். அடுத்த முயற்சிக்கு அவர் முஷ்டியைத் தூக்கியபோது நான் வரிசையிலிருந்து நிமிர்ந்து நின்றேன். என் வலது முழங்காலில் இரண்டு தட்டுத் தட்டி அவரைப் பார்த்தேன். பக்கத்தில் டாட்டியும், என்ன ஏது என்று தெரியாமலே, தன் முழங்காலைத் தட்டினாள்.

தூக்கிய முஷ்டி அப்படியே நின்றது. பிறகு விரல்கள் விரிந்தன. கையை நீட்டி வலது ஓரக் கோட்டைக் காட்டினார். ரெனிட்டாவை இன்னும் நாலடி பின்னால் போய் நிற்கச் சொன்னார், அவளுக்குக் காலெடுக்க இடம் வேண்டுமே.

"ஐயோ, நாம ஓடணுமா?" என்றாள் டாட்டி.

"வாயை மூடிட்டு ஓடுடி!"

ஓடினோம். அழகாக ஓடினோம் என்று பொய் சொல்ல மாட்டேன். டாட்டி குறுக்கே வந்த ஒருத்தி மேல் விழுந்தாள். டாட்டி எழவில்லை, அடியில் இருந்தவளால் நகர முடியவில்லை, அது போதும். ஓரத்தில் என் முன்னால் ஒருத்தி வந்தாள். நான் அவளை முட்டவெல்லாம் இல்லை, அவள் வழியில் நின்றேன். என்னைச் சுற்றிக்கொண்டு போக அவளுக்கு நேரம் பிடிக்கும் அல்லவா? அந்த நேரத்துக்குள் என் தோளை உரசிக்கொண்டு ஏதோ போனது. அவ்வளவுதான் நான் பார்த்த ரெனிட்டா. மிச்சத்தைக் கூட்டத்தின் கூச்சலில்தான் கேட்டேன். அவளை ஒருத்தியும் தொடவில்லை. புள்ளி தருகிற கடைசிக் கோட்டைத் தாண்டிய பிறகும் பழக்கதோஷத்தில் வேலிவரை ஓடினாளாம்.

அதற்குள் நான் கால் தடுக்கிக் குப்புறக் கிடந்தேன். தலையைத் தூக்கினால் ஓரக் கோட்டுக்கு அந்தப் பக்கம் வால்டின் பூட்ஸ். மைதானமே ரெனிட்டாவைப் பார்த்துக்கொண்டிருக்க, இந்த மனுஷன் மட்டும் அங்கே முகம் வெளிறிப்போய் என்னைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"பெர்னி, முட்டி?"

"மறுபடியும் அதையே காட்டுங்க கோச்."

காட்டினார். வலது பக்கம், இடது பக்கம், திரும்ப வலது. யங்ஸ்டவுன்காரிகள் பதறிப்போய் ஓரங்களுக்குப் பரவினார்கள். அப்போது பார்த்து வால்ட் உள்ளங்கையில் ஒரு குத்துக் குத்தினார், நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். நடுவில் ஆளே இல்லை. அதே சுத்தியல், ஆனால் இப்போது அது ரெனிட்டாவுடையது. வாசல் திறந்திருக்கிற வீட்டுக்குள் போவது மாதிரி போனாள்.

ஆட்டத்தில் தோற்றோம். முதல் பாதியில் கொடுத்த புள்ளிகளைத் திரும்பப் பிடிக்க முடியவில்லை. அது போகட்டும்.

வால்ட் வண்டியின் பின்கதவைத் திறந்து பெட்டியை வைத்துவிட்டு, ஏதோ வேலை இருப்பதுபோல் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தார். கால் வலியில் நான் பக்கத்தில் சாய்ந்து நின்றேன். இரண்டு பேர் ஹெல்மெட்டைப் போட்டுவிட்டுப் போனார்கள். ரெனிட்டா கடைசியாக வந்தாள். ஹெல்மெட் அவள் விரலில் தொங்கிக்கொண்டிருந்தது. பெட்டியருகே வந்து நின்றாள்.

வால்ட் கயிற்றைக் கீழே போட்டார்.

"ரெனிட்டா," என்றார், "தோள் எப்படி இருக்கு?"

அவள் அவரைத் திரும்பிப் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது.

"வலிக்குது கோச். ரொம்ப வலிக்குது. அடுத்த வருஷத்துக்குள்ள சரியாயிடும்."

ஹெல்மெட்டைத் தபால் பைக்குள் போட்டுக்கொண்டு காரை நோக்கி நடந்தாள். வால்ட் மீன் பெட்டியைத் திறந்து, உருகாமல் மிச்சமிருந்த பனிக்கட்டியைத் துணியில் முடிந்து எடுத்துக்கொண்டு அவள் பின்னாலேயே ஓடினார்.